பேட்டன்ட், தொழில்நுட்பத் தகவல் தேடுவது: திருநெல்வேலிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இறுதியாண்டு புராஜெக்ட் பிள்ளைகள், பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர்கள், சேரன்மகாதேவி, வள்ளியூர், உடன்குடிப் பக்கமிருந்து யாரோ சொல்லி வருகிறவர்கள் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். போனில் சொல்லி முடியவில்லை, எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் பனையேறும் கருவியை எடுத்திருக்கிறேன், அதைச் செய்யப் போகிறேன் என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

தம்பி, பேட்டன்ட் வாங்குனவன் அதை ரகசியமால்லா வச்சிருப்பான்? நாம எப்படிப் பாக்க முடியும்?

ரகசியமாக வைத்துக்கொள்ள நினைப்பவருக்குப் பேட்டன்டே கிடையாது. அந்தத் துறையில் வேலை தெரிந்த இன்னொருவர் படித்துவிட்டுத் தானே செய்துகொள்கிற அளவுக்கு விவரம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குப் பதிலாகத்தான் மற்றவர் அதைச் செய்து விற்காமல் தடுக்க விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு உரிமை. இந்தியாவில் விண்ணப்பம் போட்டு 18 மாதம் ஆனதும் அது வெளியாகிவிடும், அவசரப்படுகிறவர்கள் படிவம் 9 கொடுத்து முன்கூட்டியே வெளியிடவும் வைக்கலாம். வெள்ளிக்கிழமைதோறும் பேட்டன்ட் அலுவலகத்தின் ஜர்னல் வரும், அதில் பார்க்கலாம்.

பேட்டன்ட் வாங்குகிறவன்தான் இதையெல்லாம் தேட வேண்டும் என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் பட்டறைக்காரருக்கு முதல் லாபம் வேறு. நீங்கள் இன்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிற பிரச்சினையை எங்கேயோ ஒருவன் 1985-லேயே தீர்த்து, படம் போட்டு, பாகத்துக்குப் பாகம் எண் கொடுத்து எழுதி வைத்திருப்பான். அதன் காலமும் முடிந்திருக்கும். எடுத்துச் செய்ய யாரிடமும் கேட்க வேண்டாம்.

கூகுள்ல தேடியாச்சு சார், யூடியூப்லயும் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல. அது போதும்லா?

போதாது. சாதாரண கூகுள் தேடலில் கடையில் விற்கிற பொருளும் வீடியோவும்தான் முன்னால் வரும். பேட்டன்ட் ஆவணங்களில் கணிசமானவை சந்தைக்கே வராதவை. யோசித்தான், வரைந்தான், பணம் கட்டினான், அதோடு சரி. ஆனால் வெளியான தேதியிலிருந்து அது உலகத்துக்குத் தெரிந்த விஷயம், உங்கள் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்ய அது ஒன்றே போதும். பொருள் விற்றதா விற்கவில்லையா என்று அதிகாரி கேட்கமாட்டார்.

எங்க போய்த் தேடணும்? காசு கேப்பானா?

நமக்கு வேண்டியதெல்லாம் இலவசம். கூகுள் பேட்டன்ட்ஸ் என்று தனியாகவே ஒரு தளம் இருக்கிறது, ஆரம்பிக்க அதுதான் லேசு. அடுத்தது எஸ்பாஸ்நெட், ஐரோப்பிய பேட்டன்ட் அலுவலகம் நடத்துவது, உலகம் முழுக்க 15 கோடிக்கும் மேல் ஆவணம் அதில் கிடக்கிறது. மூன்றாவது பேட்டன்ட்ஸ்கோப், ஐ.நா.வின் அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போ நடத்துவது. இந்திய ஆவணங்களுக்கு நம் அலுவலகத்தின் இன்பாஸ். அமெரிக்காவுக்கு யுஎஸ்பிடிஓ தளம், ஜப்பானுக்கு ஜே-பிளாட்பேட். லென்ஸ் என்ற தளத்தில் பேட்டன்டும் ஆய்வுக் கட்டுரையும் சேர்ந்தே தேடலாம், மாணவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் காட்டுவேன்.

காசு வாங்கும் தளங்களும் இருக்கின்றன, பெரிய கம்பெனிகளுக்கு அவை வேண்டியிருக்கலாம். ஒரு பனையேறும் கருவிக்கு அவ்வளவு தேவையில்லை.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா ஓடாது அண்ணாச்சி. படிச்சுப் புரியுமா?

படத்தைப் பாருங்கள். இருபது வருடம் லேத் ஓட்டியவருக்கு ஒரு எந்திரப் படத்தைப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும், எங்கள் மாணவர்கள் நான்கு பக்கம் படித்தும் அந்த அளவு பிடிக்கமாட்டார்கள். கூகுள் பேட்டன்ட்ஸில் படங்கள் மேலேயே வரிசையாக வரும். படத்தில் 12, 14 என்று அம்புக்குறி போட்டிருக்கும், அதே எண் விளக்கத்திலும் வரும். உங்களுக்கு வேண்டிய பாகத்தின் எண்ணைப் பிடித்துக்கொண்டு அந்த வரியை மட்டும் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் பாருங்கள், தமிழில் ஓரளவு வந்துவிடும்.

தேட மட்டும் ஆங்கிலச் சொல் வேண்டும். வீட்டில் படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பொருள் என்ன, எதற்கு, எப்படி வேலை செய்கிறது, எந்தப் பாகம் புதுசு என்று நீங்கள் தமிழில் சொல்லச் சொல்ல அவர்கள் ஆங்கிலத்தில் எழுதட்டும்.

‘பாம் கிளைம்பிங் மெஷின்’னு அடிச்சேன். வந்ததெல்லாம் தென்னை. பனைக்கு ஒண்ணுமே இல்லையா?

இருக்கிறது. எழுதியவன் நீங்கள் நினைத்த சொல்லைப் போடவில்லை, அவ்வளவுதான். பேட்டன்ட் எழுதுகிறவர்கள் வேண்டுமென்றே பரந்த சொல்லாகப் போடுவார்கள். ‘மெஷின்’ என்று இருக்காது, அப்பரேட்டஸ், டிவைஸ், அசெம்பிளி என்று இருக்கும். பனையையும் பால்மைரா என்று ஒருவன், டாடி பாம் என்று ஒருவன், பொராசஸ் என்று தாவரப் பெயரில் இன்னொருவன். பலர் மரத்தின் பெயரையே சொல்லமாட்டார்கள், ‘செங்குத்தான உருளைப் பொருள்’ என்று போய்விடுவார்கள், மின்கம்பமும் அதில் அடங்கட்டும் என்று.

அதனால் ஒரு தாளில் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் பொருளுக்கு எத்தனை பெயர் உண்டோ அத்தனையும், இரண்டாவதில் செயலுக்கு (ஏறுதல், உயர்தல், பிடித்தல்), மூன்றாவதில் இடத்துக்கு (பனை, மரம், கம்பம், தூண்). ஒரே பத்திச் சொற்களுக்கு நடுவே ‘ஆர்’, பத்திக்கும் பத்திக்கும் நடுவே ‘அண்ட்’. சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டால் அதிலிருந்து கிளைக்கிற வடிவங்களும் சேர்ந்து வரும், ஆனால் தளத்துக்குத் தளம் குறி மாறும், உதவிப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைபர், கலர் மாதிரிச் சொற்களுக்கு அமெரிக்க எழுத்துக்கூட்டு வேறு, பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டு வேறு, இரண்டையும் போடுங்கள். வாழைநார் தேடி வருகிறவர்கள் இதில்தான் பாதியைக் கோட்டைவிடுகிறார்கள்.

ஏதோ கோடு நம்பர் போட்டுத் தேடணுமாமே, அது என்னது?

அதுதான் வகைப்பாட்டு எண். எந்த மொழியில் எழுதினாலும் எந்தப் பெயரைச் சொன்னாலும் அதிகாரி ஆவணத்தைப் படித்துவிட்டு ஒரு எண் போட்டுவிடுவார். ஐபிசி என்பது உலகப் பொது வகைப்பாடு, 1971 ஸ்ட்ராஸ்பர்க் ஒப்பந்தத்தில் வந்தது, ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவு. சிபிசி என்பது அதையே இன்னும் நுணுக்கமாகப் பிரித்தது, ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்து 2013 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

பனைக்கு வருவோம். மரம் ஏறும் கருவியை விவசாயத்தில் தேடுவீர்கள், எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். அது கிடப்பது ஏ63பி 27/00. அந்த ஏ63பி என்னவென்றால் உடற்பயிற்சி, ஜிம்னாஸ்டிக்ஸ், விளையாட்டுச் சாமான்! கம்பம் ஏறுவது, மரம் ஏறுவது எல்லாம் அதற்குள். அங்கே போய்ப் பார்த்தால் அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள் வந்து நிற்பார்கள். மரத்தில் ஏறி உட்கார்ந்து மானுக்குக் காத்திருக்க அவர்கள் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள், மேலே உட்கார ஒரு சட்டம், கீழே கால் மாட்ட ஒரு சட்டம், இரண்டும் மரத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும். உட்கார்ந்துகொண்டு கீழ்ச் சட்டத்தைக் காலால் தூக்கு, பிறகு எழுந்து நின்று மேல் சட்டத்தைத் தூக்கு. நம் பக்கம் உட்கார்ந்து ஏறும் தென்னை மெஷின் என்று விற்கிறார்களே, அதே வித்தை. இந்த வேட்டைக்காரர் சமாச்சாரம் ஏ01எம் 31/02 என்ற எண்ணிலும் கிடக்கும். 1970-கள், 80-களில் போட்டவையெல்லாம் காலம் முடிந்துபோன பேட்டன்டுகள். தளைநார் போட்டுக் காலையும் மாலையும் மரத்துக்கு மரம் ஏறி இறங்கிப் பாளை சீவுகிறவருக்கு அந்த எடையும் வேகமும் சரிப்படுமா என்பது வேறு கேள்வி. புதுசாக யோசிக்க வேண்டிய இடம் அங்கேதான் இருக்கிறது.

மற்ற சில எண்கள்: காற்றாலை எஃப்03டி, தறி நெசவு டி03டி, நார் பிரித்தல் டி01பி, சர்க்கரை தயாரிப்பு சி13பி (கருப்பட்டி காய்ச்சும் கருவிக்கு அங்கிருந்து ஆரம்பிக்கலாம்), மிட்டாய் வகை ஏ23ஜி. தளத்தில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். உங்கள் எண் தெரியவில்லையென்றால் சொல் போட்டுத் தேடி, உங்கள் பொருளுக்கு நெருக்கமான இரண்டு மூன்று ஆவணத்தைப் பிடித்து, அதில் என்ன எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பிறகு அந்த எண்ணை வைத்துத் தேடுங்கள்.

பத்தாயிரம் ரிசல்ட் காட்டுது. எல்லாத்தையும் படிக்கவா?

வேண்டாம். வகைப்பாட்டு எண்ணோடு ஒரு சொல்லைச் சேர்த்துப் போட்டாலே நூறு சொச்சத்துக்கு வந்துவிடும். அதில் படத்தை மட்டும் பார்த்துத் தள்ளிக்கொண்டே போங்கள். மிஞ்சுவதில் முதல் பக்கம் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் சின்ன எண்கள் இருக்கும், உலகம் முழுக்க ஒரே அர்த்தம்: 54 தலைப்பு, 57 சுருக்கம், 71 விண்ணப்பித்தவர், 72 கண்டுபிடித்தவர், 22 விண்ணப்பித்த தேதி, 51 வகைப்பாடு. சீன ஆவணமாக இருந்தாலும் இந்த எண்ணை வைத்து எது எது என்று பிடித்துவிடலாம்.

நல்லதாக ஒன்று கிடைத்துவிட்டால் அதன் முன்னும் பின்னும் போங்கள். அது எந்தப் பழைய ஆவணங்களைக் காட்டியிருக்கிறது, பின்னால் வந்தவர்கள் யார் இதைக் காட்டியிருக்கிறார்கள் என்று இரண்டு பட்டியலும் கூகுள் பேட்டன்ட்ஸில் கீழே இருக்கும். சொல் தேடலில் வராத ஆவணங்கள் இந்த வழியில் வந்து விழும்.

கிளெய்ம், கிளெய்ம்னு சொல்லுதாங்களே, அதுல என்ன இருக்கு?

வேலியே அதுதான். விளக்கத்தில் ஆயிரம் எழுதியிருப்பான், படத்தில் மோட்டார் இருக்கும், பெல்ட் இருக்கும், ஆனால் உரிமை என்பது கடைசியில் வரிசை எண் போட்ட கிளெய்ம்களில் சொன்ன அளவுக்கு மட்டும். முதல் கிளெய்மை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள், ஒரே வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். அதைப் பாகம் பாகமாக உடைத்து எழுதுங்கள். அதில் ஐந்து அம்சம் சொல்லியிருந்து உங்கள் பொருளில் ஐந்தும் இருந்தால் நீங்கள் வேலிக்குள் இருக்கிறீர்கள், ஒன்று நிஜமாகவே இல்லையென்றால் பெரும்பாலும் வெளியே.

ஆனால் கவனம், இது செய்து விற்கலாமா என்று பார்க்கிறபோது. நம்முடையது புதுசா என்று பார்க்கிறபோது கிளெய்ம் மட்டும் போதாது, விளக்கத்தில் எங்கோ ஒரு மூலையில் ஒரு வரி சொல்லியிருந்தாலும் அது வெளியான விஷயம்தான். இந்த இரண்டு தேடலையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம்.

நம்பருக்குப் பின்னால ஏ1, பி2, யூ-ன்னு போட்டிருக்கே?

ஆவணம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கான குறி. பொதுவாக ஏ என்றால் விண்ணப்பம் வெளியாகியிருக்கிறது, பி என்றால் உரிமை கொடுத்தாயிற்று. அமெரிக்காவில் 2001-க்கு முந்தைய உரிமங்களுக்கு ஏ என்றே இருக்கும், அதனால் நாட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். யூ என்பது யூட்டிலிட்டி மாடல், சீன ஆவணங்களில் அடிக்கடி பார்ப்பீர்கள். அங்கே அதற்கு 10 ஆண்டுதான் காலம், முழுப் பரிசீலனையும் கிடையாது. நம் நாட்டில் அந்த வகையே இல்லை. ‘சீனாக்காரன் சும்மா போட்டது’ என்று ஒதுக்கிவிடாதீர்கள், முன்பே வெளியான விஷயம் என்ற கணக்கில் அதற்கும் முழு மதிப்பு உண்டு.

ஒரே கண்டுபிடிப்பு ஐந்து நாட்டில் ஐந்து எண்ணோடு இருக்கும். அதைக் குடும்பம் என்பார்கள். எஸ்பாஸ்நெட்டில் குடும்பப் பட்டியல் தனியாகக் காட்டும். சீன மொழியில் ஒன்று கிடைத்தால் அதே குடும்பத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மொழிபெயர்ப்போடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இந்தியா தளத்துல தேடினா எப்பவும் ‘ரிசல்ட் இல்ல’ன்னே வருது. தளம் வேல செய்யலையா?

வேலை செய்யும், கொஞ்சம் பொறுமை வேண்டும். இன்பாஸில் வெளியான விண்ணப்பம், கொடுத்த உரிமம் என்று இரண்டு கட்டம் இருக்கும், இரண்டிலும் தேடிப் பாருங்கள். முழு வாக்கியத்தைத் தலைப்பில் போடாதீர்கள், ஒற்றைச் சொல் போடுங்கள், அதே சொல்லைச் சுருக்கம் என்ற கட்டத்திலும் போட்டுப் பாருங்கள். பழைய ஆவணங்கள் ஸ்கேன் செய்த படமாக இருக்கும், உள்ளே இருக்கிற சொல்லைத் தேடி எடுக்க முடியாது, அவற்றுக்கு வகைப்பாட்டு எண்தான் வழி. கேப்ட்சா எழுத்து தப்பாகிப்போனாலும் மறுபடி முதலிலிருந்து வரவேண்டியிருக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

விண்ணப்ப எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். இப்போதைய எண்ணுக்கு 12 இலக்கம். முதல் நான்கு ஆண்டு, ஐந்தாவது அலுவலகம் (1 டெல்லி, 2 மும்பை, 3 கொல்கத்தா, 4 சென்னை), ஆறாவது விண்ணப்ப வகை. 202341 என்று தொடங்கினால் 2023-இல் சென்னையில் போட்ட சாதாரண விண்ணப்பம். ஆறாவது இலக்கம் 7 என்றால் பிசிடி (பல நாட்டுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பமாகப் போடுகிற சர்வதேச ஒப்பந்தம்) வழியாக உள்ளே வந்தது, பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர். நம் ஊர்க்காரர் போடுவது கிண்டியில் இருக்கிற சென்னை அலுவலகத்துக்குத்தான் போகும்.

இன்பாஸில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. உங்கள் பொருள் மாதிரியே ஒரு விண்ணப்பம் கிடைத்தால் அதன் நிலையைத் திறந்து ஆவணங்களைப் பாருங்கள். பரிசீலனை அறிக்கை இருந்தால் டி1, டி2 என்று அதிகாரி எந்தெந்தப் பழைய ஆவணத்தைக் காட்டி மறுத்தார் என்று இருக்கும். அந்த வேலையில் இருக்கிறவர் தேடி எடுத்த பட்டியல், சும்மா கிடைக்கிறது. பிசிடி விண்ணப்பங்களோடு வரும் சர்வதேசத் தேடல் அறிக்கையும் அப்படித்தான், அதில் எக்ஸ் என்று போட்ட ஆவணம் தனியாகவே ஆளைச் சாய்க்கும், ஒய் என்றால் இன்னொன்றோடு சேர்ந்தால் சாய்க்கும், ஏ என்றால் சும்மா பின்னணி.

எல்லாத்துலயும் தேடியாச்சு, எங்கயும் இல்ல. அப்போ என்னது புதுசுதான்?

புதுசாக இருக்க வாய்ப்பு இருக்கிறது, அதற்குமேல் யாராலும் சொல்ல முடியாது. மேலே சொன்ன 18 மாதக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? போன மாதம் ஒருவர் போட்ட விண்ணப்பம் இன்று எந்தத் தளத்திலும் தெரியாது. அப்புறம், பேட்டன்டில் இல்லாதது ஆய்வேட்டில் இருக்கலாம். ஷோத்கங்காவில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் இருக்கின்றன, கிருஷிகோஷில் வேளாண் ஆய்வேடுகள். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி மாதிரி இடங்களில் செய்த வேலையெல்லாம் பேட்டன்ட் ஆகாமல் அறிக்கையாக மட்டுமே இருக்கலாம். அதுவும் வெளியான விஷயம்தான். கூகுள் ஸ்காலர், தேசிய டிஜிட்டல் நூலகம் இரண்டையும் ஒரு பார்வை பாருங்கள்.

புதுசாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்த இரண்டு சாமானைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றாக்கினால், அவை அதது தன் வேலையைத்தான் செய்கின்றன என்றால், 1970 பேட்டன்ட் சட்டம் 3(எஃப்) பிரிவு அதைக் கண்டுபிடிப்பாகவே ஏற்காது. டார்ச் வைத்த ஏணி என்று வருகிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

எங்க ஆச்சி சொன்ன கை மருந்து ஒண்ணு இருக்கு, எந்த பேட்டன்ட்லயும் இல்ல. போடலாமா?

3(பி) பிரிவு (ஆங்கிலத்தில் p, b இல்லை): வழிவழியாக வந்த அறிவுக்குப் பேட்டன்ட் கிடையாது. தளத்தில் இல்லை என்பது இதில் பேச்சே இல்லை. மஞ்சள் கதை தெரியும்லா? புண்ணை ஆற்ற மஞ்சள் என்று 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 5,401,504 என்ற எண்ணில் பேட்டன்ட் கொடுத்தார்கள். நம் மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களை எடுத்துக் காட்டி எதிர்த்தது, 1997-இல் ரத்தானது. வேம்புக்கு ஐரோப்பாவில் கொடுத்ததும் 2000-இல் ரத்தாகி, மேல்முறையீட்டிலும் 2005-இல் அதுவே நிலைத்தது.

இதற்குப் பிறகு உருவானதுதான் டிகேடிஎல் என்கிற பாரம்பரிய அறிவு மின்நூலகம். ஆயுர்வேதம், யுனானியோடு நம் சித்த நூல்களும் அதில் ஏறியிருக்கின்றன. பொதுவாக யாரும் போய் முழுதும் தேட முடியாது, ஒப்பந்தம் போட்ட பேட்டன்ட் அலுவலகங்கள் தேடும். அதாவது உங்கள் ஆச்சி மருந்தை நீங்கள் தேடிப் பார்க்க முடியாவிட்டாலும் அதிகாரி பார்த்துவிடுவார். மருந்திலிருந்து புதிதாக ஒரு தயாரிப்பு முறையை, பலனை எண்களோடு நிரூபிக்கிற மாதிரி, கொண்டுவந்தால் அப்போது பேசலாம்.

பத்தமடைப் பாய்க்கு பேட்டன்ட் இருக்குன்னாங்க. தேடினா வரலையே?

அது பேட்டன்ட் இல்லை, புவிசார் குறியீடு. உடன்குடிக் கருப்பட்டி, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், ஆத்தூர் வெற்றிலை எல்லாம் அந்த வகை. ஊர்ப் பெயரைக் காப்பாற்றுகிற ஏற்பாடு, செய்முறைக்கு உரிமை தருவதில்லை. அதற்குத் தனிப் பதிவேடு, தனித் தேடல் பக்கம், அந்த அலுவலகமும் சென்னையில்தான் இருக்கிறது. கோரைப் பாய் நெய்ய நீங்கள் புதிதாக ஒரு தறி செய்தால் அந்தத் தறிக்குப் பேட்டன்ட் கேட்கலாம், அதைத் தேட வேண்டிய இடம் மேலே சொன்ன டி03டி.

அமெரிக்காக்காரன் பேட்டன்ட் வச்சிருக்கான். நான் பேட்டையில செஞ்சு இங்கயே வித்தா கேஸ் போடுவானா?

பேட்டன்ட் நாட்டுக்கு நாடு தனித்தனி. உலகப் பேட்டன்ட் என்று ஒன்று கிடையாது, பிசிடி என்பதும் விண்ணப்பிக்கும் வழி மட்டும்தான். அதனால் மூன்று விஷயம் பாருங்கள். குடும்பப் பட்டியலில் இந்தியா இருக்கிறதா? இருந்தால் இன்பாஸில் அதற்கு உரிமை கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் மூன்றாம் ஆண்டிலிருந்து கட்ட வேண்டிய புதுப்பிப்புக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டு வருகிறானா? பலர் நடுவிலேயே கட்டாமல் விட்டுவிடுவார்கள், அத்தோடு இந்தியாவில் அது செத்துப்போயிற்று. ஆனால் கட்டத் தவறியவர் 18 மாதத்துக்குள் விண்ணப்பித்து உயிர்ப்பித்துக்கொள்ள வழியுண்டு, அதையும் கணக்கில் வையுங்கள்.

ரொம்பச் சமீபத்தியது என்றால் அவசரப்பட வேண்டாம். பிசிடி வழியில் வருகிறவருக்கு இந்தியாவுக்குள் நுழைய முதன்முதலில் விண்ணப்பம் போட்ட தேதியிலிருந்து 31 மாதம் அவகாசம், இன்று பட்டியலில் இல்லாதவர் நாளைக்கு வரலாம். இங்கே செய்து அமெரிக்காவுக்கு அனுப்புவதாக இருந்தால் அங்கத்திய உரிமம் குறுக்கே நிற்கும். பெரிய முதல் போடுவதற்கு முன்னால் ஒரு பேட்டன்ட் ஏஜென்டிடம் காசு கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள், இந்த இடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மாணவர்கள் ஆராய்ச்சிக்கும் படிப்புக்கும் செய்து பார்க்கத் தடையில்லை, 47-ஆம் பிரிவு அதை விட்டுவைத்திருக்கிறது.

தேடுற பெட்டியில என் யோசனையை டைப் அடிச்சா திருடிருவானா?

இந்தப் பயம் எல்லாருக்கும் இருக்கிறது. பேட்டன்ட் தளத்தில் சொல் போட்டுத் தேடுவது வெளியிடுவதாகாது. ஆனால் முழு யோசனையையும் பத்தி பத்தியாக எங்கேயும் போய் ஒட்டாதீர்கள், தேட அது தேவையும் இல்லை. திருட்டுக்குப் பயப்படுகிற அதே ஆள்தான் வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோ போட்டிருப்பார், அது வேறு கதை.

ஏஐ-கிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிருது, பிறகு எதுக்கு இம்புட்டுப் பாடு?

சொல் பட்டியல் போட, வகைப்பாட்டு எண் எதுவாக இருக்கும் என்று ஊகிக்க, அரைப் பக்கக் கிளெய்மை உடைத்துப் புரிந்துகொள்ள நன்றாகவே உதவும். பேட்டன்ட் எண்ணைக் கேட்டால்தான் ஆபத்து. இல்லாத எண்ணையும் இருக்கிற மாதிரி சொல்லும், இருக்கிற எண்ணுக்கு வேறு தலைப்பு போடும். சொன்ன ஒவ்வொரு எண்ணையும் எஸ்பாஸ்நெட்டில் போட்டுத் திறந்து பார்க்காமல் ரிப்போர்ட்டில் சேர்க்காதீர்கள்.

எக்ஸ்போல வச்சு ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கியாச்சு சார், பேப்பர்லயும் போட்டோ வந்துச்சு. இப்ப போடலாமா?

சிக்கல்தான். உங்கள் ஸ்டாலும் அந்தப் பேப்பர்ச் செய்தியும் இப்போது நான் மேலே சொன்ன ‘முன்பே வெளியான விஷய’மாகிவிட்டன. 31-ஆம் பிரிவில் 12 மாதச் சலுகை இருக்கிறது, ஆனால் மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி, கற்றோர் சங்கத்தில் படித்த கட்டுரை மாதிரிச் சில இடத்துக்குத்தான். கல்லூரி எக்ஸ்போ பொதுவாக அதில் வராது. போட்டோவில் வெளித்தோற்றம் மட்டும் தெரிந்து, உள்ளே இருக்கிற வேலைப்பாடு யாருக்கும் விளங்கவில்லையென்றால் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது, ஏஜென்டைப் பாருங்கள்.

அடுத்த முறை, எக்ஸ்போவுக்கு முந்தின வாரமே ஒரு தற்காலிக விவரணத்தோடு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தனி நபருக்கு ஆன்லைனில் கட்டணம் 1600 ரூபாய்தான். முழு விவரணம் கொடுக்க 12 மாதம் கிடைக்கும். அந்த 12 மாதத்தில் தேடலை நிதானமாகச் செய்யலாம்.

ஒருத்தர் பேட்டன்ட் வாங்கித் தாரேன்னு காசு வாங்கி சர்டிஃபிகேட்டும் குடுத்துட்டார். நெசமா, டூப்பான்னு எப்படிப் பாக்க?

அந்தத் தாளில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 12 இலக்க விண்ணப்ப எண் மட்டும் இருந்தால் விண்ணப்பம் போட்டிருக்கிறார், அவ்வளவே. ‘பப்ளிஷ்டு’ என்றால் 18 மாதம் ஆனதால், அல்லது படிவம் 9 போட்டதால், ஜர்னலில் வந்திருக்கிறது. அதற்கு யாரும் எதையும் பரிசீலித்திருக்க வேண்டியதில்லை. பரிசீலனைக்குப் படிவம் 18 தனியாகக் கொடுக்க வேண்டும், 2024 திருத்தத்துக்குப் பிறகு போட்ட விண்ணப்பங்களுக்கு 31 மாதத்துக்குள். கொடுக்காவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகவே கருதப்படும். இன்பாஸில் நிலையைத் திறந்து, படிவம் 18 இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு வகையும் இப்போது அதிகம் பார்க்கிறேன். தாளில் ‘டிசைன்’ என்று இருக்கும். அது 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி வெளித்தோற்றத்துக்குக் கிடைத்த பதிவு, 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. எந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அதில் ஒரு பாதுகாப்பும் இல்லை. வேறு நாட்டு டிசைன் சர்டிஃபிகேட்டைக் காட்டி ‘இன்டர்நேஷனல் பேட்டன்ட்’ என்று சொல்கிறவர்களும் உண்டு. காசு கொடுப்பதற்கு முன்னால் அவர் பெயர் பேட்டன்ட் அலுவலகத் தளத்தில் இருக்கிற பதிவுபெற்ற ஏஜென்டுகள் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், அது ஐந்து நிமிட வேலை. பட்டியலில் பெயர் இருந்தாலும், என்னென்ன படிவம் போடுகிறார், ஒவ்வொன்றுக்கும் அரசுக் கட்டணம் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.